சிரித்தால் அழ வேண்டி வருமா?

கேள்வி:

எனக்கு 48 வயது. திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய தெருவில் சொந்த வீடு. வீட்டுக்காரர் டவுனில் சின்னதாக ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கிரைண்டர், பீரோவில் இருந்த துணிமணி, கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. கடையிலும் சரக்கு நனைந்து கடன் ஏறிவிட்டது. மறுவருஷம் அத்தை (மாமியார்) விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். மதினி (வீட்டுக்காரரின் உடன்பிறந்தவர்) தென்காசியில் இருக்கிறார். வருவார், பார்ப்பார், போய்விடுவார். மகன் ஓசூரில் வேலை செய்கிறான், அவனுக்குப் பெண் பார்க்கப் பார்க்கத் தட்டிப் போகிறது. மகள் பிளஸ் டூ.

சாப்பிடுகிறேன், வேலையெல்லாம் செய்கிறேன். ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் முழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காமார் வேன் பிடித்துக் குற்றாலம் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அத்தையைச் சாக்குச் சொல்லிவிட்டேன். சித்திரையில் ஒரு நாள் மகள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரியே அத்தைக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் சிரித்ததுதான் ஆகவில்லையோ என்று தோன்றிவிட்டது. 'ரொம்பச் சிரிச்சா பொறவு அழணும்ட்டி' என்று எங்க அம்மை சொல்லுவாள். சின்னச் சின்ன விஷயத்தில் சந்தோஷத்தைப் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் இவ்வளவு கிடக்கும்போது அது எப்படி முடியும்? முடிந்தாலும் சரியா? மகள், 'எப்பப் பாரு உர்ருன்னே இருக்க' என்கிறாள். அவளும் என்னை மாதிரி ஆகிவிடுவாளோ?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மை சொன்ன பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். தூக்கம், குற்றாலம், மகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடிதத்தின் நடுவில் அதை ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் உங்களைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது.

'ரொம்பச் சிரிக்காதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். என்னிடம் வருகிற பெண்கள் பலர் இதைச் சொல்லிவிட்டு, 'அதெல்லாம் சும்மான்னு எனக்கே தெரியுது, ஆனாலும் பயமா இருக்கு' என்று சேர்த்துக்கொள்வார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை தங்குமா என்றே தெரியாத காலம் ஒன்று இருந்தது. காலரா வந்தால் தெருவே காலியாகும். அந்தக் காலத்துத் தாய்மார் மகளின் நெஞ்சு உடைந்துவிடக் கூடாதே என்று சொல்லிவைத்த பேச்சு அது. அதில் இருந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அது உண்மையா என்று கேட்டால், இல்லை.

நீங்களே கணக்குப் பாருங்கள். வெள்ளம் வந்த அந்த மழை தொடங்கியது 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. வாசலில் கோலம் நிற்காத மழை. அதற்கு முந்தின நாள் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்களா? நினைவிருக்காது. அத்தை வழுக்கி விழுந்த அன்று? அதுவும் நினைவிருக்காது. சித்திரையில் சிரித்தது மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். சிரித்துவிட்டு நிம்மதியாகப் படுத்து எழுந்த நாள்கள் உங்கள் வாழ்க்கையில் எத்தனையோ இருக்கும். மனசு அவற்றைக் குறித்துவைப்பதில்லை. கெட்டது நடந்த நாளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் என்ன செய்தோம் என்று துழாவும். ஆபத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காக மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருக்கும். எடுத்துப் படியுங்கள், புரியாவிட்டால் மகளைப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலுக்கு என்ன காரணம் என்று அதில் எழுதியிருக்கும். மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டித் தொற்று ஆகலாம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகவும் செய்யலாம். இவற்றைத் தடுக்க நம் கையில் சில வேலைகள் இருக்கின்றன. சோறு ஊட்டும்போது முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஊட்டி முடித்தவுடன் படுக்கப் போடாமல் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கால் விரலையும் கணுக்காலையும் அசைக்க வையுங்கள். உங்கள் பயம் ஏதாவது செய்தே தீருவேன் என்று நின்றால், அதற்கு இந்த வேலையைக் கொடுங்கள். சிரிப்பை அடக்கும் வேலை வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இப்போதே கொஞ்சம் துக்கமாக இருந்து பழகிக்கொண்டால், பெரிய துக்கம் வரும்போது வலி குறையும் என்று மனசு கணக்குப் போடும். இத்தனை வருஷத்தில் என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்களில், முன்கூட்டியே கவலைப்பட்டதால் வலி குறைந்தது என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. வலி வருகிற அன்று முழுதாகத்தான் வருகிறது. நல்லபடியாக இருந்திருக்க வேண்டிய சாயங்காலங்கள் மட்டும் நடுவில் போய்விடுகின்றன.

'முடிந்தாலும் சரியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தை படுக்கையில் கிடக்கும்போது நாம் சிரிப்பதா என்ற கூச்சம் அது. ஒரு மத்தியானம் ஏதாவது ஒரு அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே நின்று பாருங்கள். துணைக்கு இருக்கும் பெண்கள் வராந்தாவில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் தூக்குவாளியில் கொண்டுவந்த புளிக்குழம்பை இன்னொருத்தர் சோற்றில் ஊற்றிக்கொள்வார். எந்த ஊர், யாருக்கு என்ன, எத்தனை நாளாச்சு என்ற பேச்சு நடக்கும். நடுவில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல, அந்த வட்டமே கொல்லென்று சிரிக்கும். உள்ளே படுத்திருப்பவர் மேல் பாசம் இல்லாதவர்களா இவர்கள்? ராத்திரி முழுக்கக் கண் முழித்து, சிரஞ்சுக்கும் மருந்துக்கும் ஓடுகிறவர்கள் இவர்கள்தான். துட்டி வீட்டிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, செத்துப்போன தாத்தாவின் வீம்பை ஒரு ஆச்சி சொல்லிக் காட்ட, சுற்றியிருப்பவர்கள் சிரித்து, சிரித்த முகத்தோடே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இனி உடம்பு சம்பந்தமாகக் கொஞ்சம். நாள் முழுக்க மனசு சோர்ந்திருப்பதும் எதிலும் நாட்டம் இல்லாததும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். தூக்கம், பசி, கவனம் குறைவது, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது எல்லாம் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் சில இருக்கின்றன. அதனால் ஒரு மனநல டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் கட்டமும் சேர்ந்து தூக்கத்தையும் மனசையும் குழப்பும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மழைச் சத்தத்துக்கு முழிப்பு வருவது வேறு விஷயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்களே, அந்த மாதிரி உடம்பு கற்றுக்கொண்ட பயம் அது. அன்று பெய்தது சாதாரண மழை இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அணைகளும் நிரம்பி, ஆறு தெருவுக்குள் வந்தது. அப்படி ஒரு ராத்திரியைக் கண்ட உடம்பு, ஓட்டின் மேல் நாலு துளி விழுந்தாலும் எழுந்து உட்காரத்தான் செய்யும்.

இங்கே எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால், துக்கத்துக்கு முறை வைத்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் உண்டு. முதல் வருஷம் அந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வருஷம் திரும்பினால் திவசம் கொடுத்துவிட்டு, அடுத்த பொங்கலுக்குப் பானை வைத்துவிடுவார்கள். துக்கப்படு என்றும் சொல்லி, எதுவரைக்கும் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளத்தில் போன வீட்டுச் சாமானுக்கு யாரும் பதினாறு வைக்கவில்லை. சேறு அள்ளினீர்கள், நிவாரணத்துக்கு வரிசையில் நின்றீர்கள், கடைக்கு மறுபடி சரக்குப் போட்டீர்கள். உட்கார்ந்து அழ நேரம் இருந்திருக்காது. அதனால்தான் அந்தத் துக்கம் இன்னும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரு சாயங்காலம் மகளையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து, போன சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு நோட்டில் எழுதுங்கள். கிரைண்டர் யார் வாங்கித் தந்தது, எந்தப் புடவை எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று சேர்த்து எழுதுங்கள். அழுகை வந்தால் வரட்டும். வீட்டுக்காரர், 'இப்பம் என்னத்துக்கு அதெல்லாம்' என்று எழுந்திருக்கப் பார்ப்பார். 'பத்து நிமிஷம் இருங்க, நீங்க இருந்தாதான் எழுத முடியும்' என்று சொல்லுங்கள். கல்யாண ஆல்பம் முழுதாகத் திரும்பி வராது. ஆனால் மதினி வீட்டில், உங்கள் அண்ணன் தம்பி வீடுகளில், கல்யாணத்துக்கு வந்த சித்தி பெரியம்மை வீடுகளில் ஒன்றிரண்டு போட்டோ நிச்சயம் இருக்கும். செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மகள் அவற்றைச் சேர்த்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கட்டும்.

மழைக்கு வருவோம். இப்போது ஆடி. மேற்கே மலையில் பெய்து, நம் பக்கம் காற்றோடு சாரலாக வந்து விழுகிற மழை இது. ஊருக்குள் வெள்ளம் கொண்டுவருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து வருகிற மழை. உங்கள் உடம்புக்கு இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, பிரித்துக் காட்ட வேண்டும். பகல் வெளிச்சத்தில் சாரல் விழும்போது வாசல் நடையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கையை நீட்டுங்கள். நெஞ்சு படபடத்தால் உள்ளே ஓடிவிடாமல், படபடப்பு தணிகிறவரை அங்கேயே நில்லுங்கள். மறுநாள் பத்து நிமிஷம். இந்த ஆடி முழுக்க இதைச் செய்தால், ஐப்பசிக்கு உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். அப்புறம் புரட்டாசியிலேயே ஆதார் அட்டை, வீட்டுப் பத்திரம், மகளின் சர்டிபிகேட், அத்தையின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். அத்தையை எந்த வீட்டு மாடிக்கு, யார் தூக்கிக்கொண்டு போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த இரண்டு முழு மட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் செய்தி கேட்கும்போது எப்போது பயப்பட வேண்டும், எப்போது திரும்பிப் படுக்கலாம் என்று உங்களுக்கே பிடிபடும். ராத்திரி முழிப்பு வந்தால் எழுந்து பரணைப் பாருங்கள், பத்திரம் எல்லாம் மேலே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு படுங்கள். உடனே தூக்கம் வராமல் போகலாம். நாளாக நாளாக வரும்.

'எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பும் உங்களிடம் இருக்கிறது. கடன் அடையட்டும், மகனுக்கு முடியட்டும், மகளுக்குச் சீட் கிடைக்கட்டும் என்று வரிசையாக ஒன்றன்பின் ஒன்று வரும். 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் லாட்டரியில் பெரும்பணம் விழுந்தவர்களிடம் பேசிப் பார்த்தார்கள். காலைச் சாப்பாடு, சிநேகிதரோடு பேச்சு போன்ற அன்றாடக் காரியங்களில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம், லாட்டரி விழாத மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பெரிய காரியம் முடிந்தவுடன் சின்ன சந்தோஷங்கள் தாமாக வந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவற்றைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

அதற்கு நம் சீமையில் வருஷத்தையே பிரித்து வைத்திருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயில். கோடையில் பதநீரும் நுங்கும். ஆனியில் நெல்லையப்பர் தேர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார். புரட்டாசியில் பாளையங்கோட்டை தசரா. மார்கழியில் வாசல் கோலத்தில் பூசணிப்பூ. தையில் பொங்கல் முடிந்து சிறுவீட்டுப் பொங்கல். வீட்டில் பிரச்சினை இல்லாதவர்கள்தான் வர வேண்டும் என்று இதில் எதற்கும் விதி இல்லை. பிசான நெல் விளைச்சல் பொய்த்துக் கடன் வாங்கித் தின்ற வருஷத்திலும் பங்குனி உத்திரத்துக்கு அரிசியும் வெல்லமும் கட்டிக்கொண்டு சாஸ்தா கோயிலுக்குப் போய்த்தான் பொங்கலிட்டார்கள். தேர் வடத்தைப் பிடிப்பவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் பிடிப்பவருக்குத் தெரியாது. நாள் வந்தால் போவார்கள், அவ்வளவுதான். மனசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போனவர்கள் குறைவு.

இதையே சிகிச்சையிலும் பார்க்கிறோம். 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு, மனச்சோர்வு உள்ளவர்களை வைத்து ஆராய்ந்தது. நினைப்பைத் திருத்தும் முழுச் சிகிச்சை பெற்றவர்களும், அன்றாடக் காரியங்களைத் திட்டம் போட்டுக் கூட்டிக்கொண்டே போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். ஆகவே குற்றாலம் போக மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேதியைக் குறியுங்கள். மனசு பின்னால் வரலாம், வராமலும் போகலாம், முதல் தடவையே வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேனில் கும்பலாகப் போவது இப்போது உங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மகளுக்கு லீவு உள்ள ஒரு நாள், காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் இருவரும் ஏறுங்கள். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷமாக இருந்தால் சேரன்மகாதேவி தாண்டியதும் கார் பருவ நெல் பச்சையாகத் தெரியும். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரும்போது மலை பக்கத்தில் வந்துவிடும். தென்காசி நெருங்க நெருங்கக் காற்றின் சூடு போய், முகத்தில் ஈரம் படும். தென்காசியில் இறங்கிக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுங்கள். மெயினருவியில் கூட்டமாக இருந்தால் குளிக்காமலேயே பாலத்தில் நின்று சாரலை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். திரும்பும்போது அத்தைக்குப் பிடித்த பழம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று அத்தையை யார் பார்ப்பது? மதினிதான். அவரும் பெற்ற மகள்தானே. 'ரெண்டு நாள் வந்து இருங்க மைனி, நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு குற்றாலம் போய்ட்டு வாரேன்' என்று நேராகக் கேளுங்கள். குறையாகச் சொல்லாமல், தேதியோடு கேளுங்கள். இத்தனை நாள் யாரும் கேட்காததால் அவர் விருந்தாளி மாதிரி வந்து போயிருக்கலாம். வர முடியாது என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேளுங்கள். டயப்பர் மாற்றவும் புரட்டிப் போடவும் அவருக்கு இரண்டு நாள் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடுங்கள். தாய்க்குச் செய்வதில் அவருக்கும் ஒரு நிம்மதி கிடைக்கும் என்பது நான் பல வீடுகளில் கண்டது.

அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க அவர் ஒரு நோயாளியாகத்தான் வருகிறார். அவருக்கு ஞாபகம் நன்றாக இருந்தால், இந்த வீட்டில் பழைய காலங்களை அறிந்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வையுங்கள். உங்களுக்கு வைக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்து அவரிடம் கேட்டுக் கேட்டு வையுங்கள். தேங்காயைத் துருவி மூன்று பால் பிழிந்து தனித்தனியாக வைக்கச் சொல்லுவார். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட்டை வேகவிட்டு, பிறகு வெந்த பாசிப்பருப்போடு இரண்டாம் பால், கடைசியில் முதல் பால். முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். இஞ்சிச் சாறு எப்போது ஊற்றுவது, எலுமிச்சம்பழம் இறக்கியதும் பிழிவதா ஆறிய பிறகா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. அவர் கட்சி எது என்று கேளுங்கள். அவர் கல்யாணத்து மறுவீட்டுச் சொதியை யார் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். குழைந்த சோற்றில் இரண்டு கரண்டி சொதி ஊற்றிப் பிசைந்து அவருக்கு ஊட்டும்போது, அந்த அரை மணி நேரம் நீங்கள் வேறு எதையும் யோசிக்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.

எல்லா நாளும் இப்படி இருக்காது. கடன்காரர் வாசலில் நிற்கிற நாள் வரும். அத்தைக்குப் படுக்கைப் புண் வைக்கிற நாள் வரும். அன்று சந்தோஷத்தைத் தேட வேண்டாம். 'எல்லாத்தையும் நல்லவிதமா எடுத்துக்கோ' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு அந்த அறிவுரையில் உடன்பாடு இல்லை. கஷ்டமான நாளைக் கஷ்டமான நாள் என்றே சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நிமிஷம் புலம்பிவிட்டு வாருங்கள். குற்றாலத்துக்குக் கூப்பிட்டவர்கள் புலம்பலையும் கேட்பார்கள்.

மகன் கல்யாணம் பற்றி ஒன்றுதான். அவனுக்கே ஏதாவது விருப்பம் இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்டீர்களா? கேளுங்கள். மற்றபடி அது நேரம் எடுக்கும்.

மகள் உங்களை மாதிரி ஆகிவிடுவாளோ என்கிறீர்கள். 'உர்ருன்னே இருக்க' என்று தைரியமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அவள்; உங்கள் முகத்தைக் கவனிக்கிறாள், உங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். சித்திரையில் அவள் சொன்னதற்குச் சிரித்த நீங்கள், அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் வாயை இறுக்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தன் பேச்சு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள். அதனால் அவளிடம் சொல்லிவிடுங்கள்: 'அன்னைக்கு நீ சொன்னதுக்குச் சிரிச்சேன், ராத்திரி ஆச்சிக்கு அப்படி ஆயிட்டு, அதான் பயந்துட்டேன். உன் மேல ஒண்ணும் இல்ல.' வெள்ளம், மழைப் பயம், ராத்திரி முழிப்பு எல்லாவற்றையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி சொல்லலாம். பதினேழு வயதில் இதெல்லாம் தாங்கும். கடன் தொகையையும் வட்டிக் கணக்கையும் மட்டும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம். மார்ச்சில் பரீட்சை இருக்கிறது.

டாக்டரைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை முடிவோடு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு இன்னொரு கடிதம் போடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, எழுந்து என்ன செய்தீர்கள், மறுபடி எப்போது தூங்கினீர்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து அனுப்பினால், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.